லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்: முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம்?

பிட்ஸ்பர்க் பாண்டி

வணக்கம் மக்களே. நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்தாயிற்று. ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஓர் ஆசையை இப்போது தீர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்: ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். விசையைச் (ட்ரிக்கர்) சுற்றியிருக்கும் நெம்புகோலை ஓட்டி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன், வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. போன மாதம் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், நண்பர் ஒருவரின் மார்லின் 336 ரைஃபிளால் சுட்டுப் பார்த்தேன். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுக்கும்போது வரும் அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.

தோட்டா அளவில் .22, .357, .30-30 என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முதல் துப்பாக்கிக்கு எது சரி? புதிதாக வாங்குவதா, பழைய வின்செஸ்டரைத் தேடுவதா? அடுத்த வருடம் மான் வேட்டைக்கும் போகலாம் என்று ஓர் எண்ணம். வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான். மனைவி அரை மனதோடு சரி என்றிருக்கிறார். பட்ஜெட் ஆயிரம் டாலர், கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

எடிசன் குமரன்

வாழ்த்துகள் பாண்டி. நடுவில் புகுந்து ஒரு கேள்வி. நான் இன்னும் ஹெச்1பி விசாதான். நான் வாங்கலாமா? வாங்காவிட்டாலும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமா? ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ரிவெட்

குமரன், இதில் அலட்சியம் வேண்டாம். கூட்டாட்சிச் சட்டப்படி, தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். விதிவிலக்குகள் சில உண்டு. நம் ஆட்களுக்கு எட்டக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதற்கென்றே கேள்வி இருக்கிறது. அதில் பொய் சொன்னால் குற்றம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவருக்கு அந்த ஒரு கட்டத்தில் போடும் குறி எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

போதாததற்கு நீங்கள் இருப்பது நியூஜெர்சி. அங்கே ரைஃபிள் வாங்குவதற்கு முன்னால் போலீஸில் விண்ணப்பித்து அடையாள அட்டை வாங்க வேண்டும். இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். நண்பர்கள் கூப்பிட்டால் வேடிக்கை பார்க்கப் போங்கள், பீட்சா செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பாண்டி, உங்களுக்கு அந்தத் தடை இல்லை. கடையில் அடையாள அட்டை, கிரீன் கார்டு, 4473 படிவம், அப்புறம் மாநிலப் போலீஸின் உடனடிச் சரிபார்ப்பு. சிக்கல் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. என் பதில் .22, வேறு பேச்சே இல்லை. .22 தோட்டா ஒன்று பத்து சென்ட்டுக்குள் கிடைக்கும். .30-30 ஒன்றுக்கு ஒன்றரை டாலர், சில கடைகளில் இரண்டு. லீவர் ஆக்‌ஷனில் கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் கையில் இருக்கிறது. லீவரை முழுக்க ஓட்டுவது, கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் ஓட்டுவது, திறந்த சைட்டில், அதாவது லென்ஸ் இல்லாத குறிமுனையில், குறி வைப்பது. இதெல்லாம் ஆயிரக்கணக்கில் சுட்டால்தான் படியும். .30-30-ல் ஆயிரம் சுட்டால் அதே பணத்துக்கு இன்னொரு துப்பாக்கி வாங்கிவிடலாம். ஹென்றி நிறுவனத்தின் சாதாரண .22 லீவர் ரைஃபிளில் 15 தோட்டா போடலாம், எடை ஐந்தேகால் பவுண்டு. உங்கள் பட்ஜெட்டில் பாதிதான் ஆகும்.

ஹில்கன்ட்ரி அக்கா

ரிவெட் அண்ணா எல்லாருக்கும் .22 மாத்திரைதான் எழுதிக் கொடுப்பார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டெக்சாஸில் எங்களுக்குப் பழக்கமான பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. இரவோடு இரவாக வயலை உழுதுவிட்டுப் போய்விடும். நான் வைத்திருப்பது .357 மேக்னம் கார்பைன் (குட்டை ரைஃபிள்), வின்செஸ்டர் 1892 மாடலின் நகல், 20 இஞ்ச் குழல், பத்துத் தோட்டா. இதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷலும் போடலாம் என்பதுதான் அருமை. .38 போட்டால் உதையே தெரியாது, சத்தமும் குறைவு. பழகுவதற்கு அது. பன்றிக்கு .357. ரிவால்வரில் 158 கிரெய்ன் (எடை அளவு) தோட்டா வினாடிக்கு 1,250 அடி வேகத்தில் போகும் என்றால், நீளக் குழலில் அதே தோட்டா 1,800 அடி வரைக்கும் போகிறது. நூறு கஜத்துக்குள் மானுக்கும் போதும். பாண்டி இரண்டு துப்பாக்கி வாங்கப் போவதில்லை என்றால் இதுதான் நடுவழி.

இங்கே தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட 2019-லிருந்து வேட்டை உரிமமும் தேவையில்லை. பென்சில்வேனியா கதை வேறு.

ரிவெட்

அக்கா சொல்வது தப்பில்லை. ஆனால் .38 தோட்டாவும் .22 விலைக்கு வராது. இன்னொன்று, .38 குட்டை என்பதால் சில .357 லீவர்களில் தடங்கல் வரும். வாங்கும் முன் இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பாண்டிக்கு: உங்கள் மாநிலத்தில் மானுக்கு .22 ரிம்ஃபயர் (அடியின் விளிம்பில் அடிபட்டு வெடிப்பது) சட்டப்படி ஆகாது, நடுவில் அடிபட்டு வெடிக்கும் சென்டர்ஃபயர்தான் வேண்டும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளும் பெரிய விலங்குகளுக்கு அங்கே கூடாது. அதனால்தான் பென்சில்வேனியா மலைப்பக்கம் போனால் வீட்டுக்கு வீடு ஒரு லீவர் .30-30 இருக்கும். முதல் முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தாக வேண்டும், அதை இப்போதே முடித்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் எல்லாரும் முழித்துக்கொண்டு ஓடுவார்கள்.

சும்மா வந்தவன்

சென்னையிலிருந்து படிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வராத வாரம் உண்டா? ஏழு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் இந்த ஆசை எதற்கு? மனைவி அரை மனதோடு சம்மதித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மிச்ச அரை மனது சொல்வதையும் கேளுங்களேன்.

பிட்ஸ்பர்க் பாண்டி

கோபமெல்லாம் இல்லை சார். அந்த அரை மனதுக்குப் பதில் சொல்லத்தான் முதலில் இங்கே வந்து கேட்கிறேன்.

வன்னியான்

நான் கனடா, ஒன்ராறியோ. சும்மா வந்தவன் கேட்ட கேள்வியை எங்கட வீட்டில் என் மனுசி கேட்டவ. எங்கள் சனத்துக்குத் துவக்கு என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. அது யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஊரில் றோட்டைக் கடந்தோம். அப்படி வந்த ஆள் இங்கே காசு கொடுத்து ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவதென்றால் அவவுக்கு விசராகத்தான் தெரியும்.

இங்கே உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கூட வாழும் துணையின் கையெழுத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. துணை கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கு அறிவித்துக் கேட்பார்கள். கடந்த இரண்டு வருசத்துக்குள் பிரிந்த துணையும் இதில் சேர்த்தி. இது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம். மனுசி அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக் கன நாள் தொடவில்லை. கடைசியில் கையெழுத்து வைக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னா: 'என் கண்ணில் படக் கூடாது.' அதனால் என் துவக்குப் பெட்டி நிலவறையில், ஃபர்னஸுக்குப் பின்னால். துப்புரவு செய்வதும் அங்கேதான்.

விண்ணப்பத்துக்கு முன் பாதுகாப்பு வகுப்பு. எழுத்துப் பரீட்சையும் செய்முறையும் உண்டு, இரண்டிலும் 80 புள்ளி எடுக்க வேண்டும். செய்முறையில் லீவர் ஆக்‌ஷனையும் கையில் கொடுத்து, ரவை இருக்கிறதா என்று பார்த்துக் காட்டச் சொல்வார்கள். முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு ஆகக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. 2020 மே மாதம் பல ரைஃபிள்களைத் தடை செய்தார்கள், 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தினார்கள். லீவர் ஆக்‌ஷனில் கை வைக்கவில்லை. இங்கே சந்தையில் அதுக்கு மவுசு கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஹில்கன்ட்ரி அக்கா

வன்னியான் அண்ணா, அந்தக் கையெழுத்து விஷயம் இங்கேயும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் மாநிலத்தில் இதைச் சொன்னால் என்னை ஊரை விட்டே துரத்துவார்கள்.

சும்மா வந்தவன் சார், கேள்வி நியாயம். குழந்தை இருக்கிற வீட்டில் லீவர் ஆக்‌ஷனுக்கு என்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மற்ற பல ரைஃபிள்களில் மேகஸின் என்னும் தோட்டாப் பெட்டியைக் கழற்றித் தனியே வைத்துவிடலாம். லீவரில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் நீளக் குழாய்க்குள் இருக்கின்றன, வெளியே தெரியாது. சுடப்போகும் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து பார்த்துக் காலி என்று வைத்துவிடுவார்கள். குழாயில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பையன் எடுத்து, படத்தில் பார்த்த மாதிரி லீவரை ஒரு தரம் ஓட்டினால் போதும், அது அறைக்கு ஏறி, குதிரையும், அதாவது ஊசியை அடிக்கும் சுத்தியலும், பின்னால் சாய்ந்து சுடத் தயாராகிவிடும். அந்த லீவர் குழந்தையின் கைக்குக்கூட அடங்கும்.

அதனால் என் வழக்கம் இது. வெளியிலேயே, முனையை மண்ணைப் பார்த்து வைத்து, தோட்டா வருவது நின்ற பிறகும் லீவரை இன்னும் சில தரம் ஓட்டுவேன். அப்புறம் திறந்தபடியே வைத்து, சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பேன். குழாயின் வாயில், தோட்டாக்களை உந்தும் அந்தப் பிளாஸ்டிக் அல்லது உலோகத் தள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். சில துப்பாக்கிகளில் அதற்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருப்பார்கள், புண்ணியவான்கள். தள்ளி தெரியவில்லை என்றால் நடுவில் எதுவோ இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கேபிள் பூட்டை, காலித் தோட்டா வெளியே விழும் வழியாக விட்டு லீவர் மூடாதபடி பூட்டி, இரும்புப் பெட்டி. தோட்டா வேறு பெட்டியில். சாவி என் தாலிக்கொடி மாதிரி, கழற்றுவதில்லை.

கோவை மணி

அக்கா :) கடைசி வரி.

ஒரு சந்தேகம். நம்ம ஊரில் இந்த மாதிரி ரைஃபிள் வைத்துக்கொள்ள முடியுமா? தாத்தா காலத்து இரட்டைக்குழல் ஒன்று வீட்டில் இருந்தது, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து வாங்கி வருவார்கள். அது தவிர ஒன்றும் தெரியாது.

சரித்திரக் கிறுக்கன்

மணி, 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் கிடைத்தாலும் லீவர் ஆக்‌ஷனைக் கண்ணில் பார்ப்பது அபூர்வம். நம் ஊர்த் தொழிற்சாலை .315 ரைஃபிள், பின்பக்கக் கைப்பிடியைத் தூக்கி இழுக்கும் போல்ட் ஆக்‌ஷன். வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டம் மூடிவிட்டது. குறி பார்த்துச் சுடும் ஆசை என்றால் .177 ஏர் ரைஃபிள், 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். ரைஃபிள் கிளப்பில் சேருங்கள், நல்ல பயிற்சி கிடைக்கும்.

பாண்டி பழைய வின்செஸ்டர் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காமிக்ஸில் கௌபாய் கையில் பார்ப்பது பெரும்பாலும் 1873 மாடல். அதற்கு முன் பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் காப்புரிமை பெற்ற ஹென்றி ரைஃபிள், 16 தோட்டா. அதில் குழாயின் முன்பக்கத்தைத் திறந்துதான் போட வேண்டும். 1866-ல் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைத்தார்கள், தோட்டாவைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளலாம். இன்றைக்கும் பெரும்பாலானவற்றில் அந்தக் கதவுதான். இவற்றில் சுடும்போது அறையின் பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கும் பூட்டு, முழங்கால் மடங்குவது போன்ற இணைப்பு. மென்மையாக ஓடும், ஆனால் வலுவான தோட்டாவைத் தாங்காது. அந்தக் குறையைத் தீர்த்தவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர் ஜான் பிரௌனிங். 1886, 1892, 1894 மூன்றும் அவர் வடிவமைப்பு. 94 மாடலுக்கு 1895-ல் .30-30 வந்தது, புகையில்லா மருந்து போட்ட தோட்டா. அந்த ஜோடி அமெரிக்கக் காடுகளைப் பிடித்துக்கொண்டது. எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 1877-ல் ரஷ்ய-துருக்கியப் போரின் பிளெவ்னா முற்றுகையில் துருக்கியர்கள் வின்செஸ்டர் 1866-ஐ வைத்து ரஷ்யக் காலாட்படையைக் கிழித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படையிடம் இருந்தது ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் கார்பைன். எதிரே லகோட்டா, ஷெயென் பூர்வகுடி வீரர்களில் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும். அதே ரஷ்யா முதல் உலகப் போரில் வின்செஸ்டர் 1895 மாடலை லட்சக்கணக்கில் வாங்கியது. அதில் மட்டும் குழாய் இல்லை, பெட்டி மேகஸின், கூர்முனைத் தோட்டா போடலாம்.

சரி, வாங்கும் விஷயம். 'ப்ரீ-64' என்று விற்பவர்கள் கூவுவார்கள். 1964-ல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் உள் பாகங்களை மாற்றியது. தோட்டாவைத் தூக்கும் பாகம் தகட்டில் அடித்ததாகிவிட்டது. உடல் இரும்பும் மாறி, சாதாரண முறையில் மறுபடி கறுப்பேற்ற முடியாததாகிவிட்டது. வரிசை எண் 27 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பழையது. ஆனால் 64-க்குப் பின் வந்ததும் சுடும், மானும் விழும். சேகரிக்க வேண்டும் என்றால் பழையது, சுட வேண்டும் என்றால் எது நல்ல நிலையில் இருக்கிறதோ அது. திருகாணிகளின் வாயைப் பாருங்கள். தேய்ந்து கிழிந்திருந்தால் யாரோ சமையலறை ஸ்க்ரூடிரைவரால் கழற்றியிருக்கிறார்கள். உடம்பில் புதிதாகத் துளை போட்டிருந்தால் பாதி விலை.

எடிசன் குமரன்

கூர்முனைத் தோட்டா ஏன் கூடாது?

சரித்திரக் கிறுக்கன்

குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது அடியில் உள்ள பற்றவைக்கும் மூடியில், முட்டுகிறது. சுடும்போது வரும் உதையில் கூர்முனை பிரைமரைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும், அதைப் பிடித்திருக்கும் உங்கள் இடது கைக்குள்ளேயே. அதனால்தான் .30-30 தோட்டாக்கள் தட்டை மூக்கு. ஹார்னடி நிறுவனம் ரப்பர் போல் வளையும் முனை வைத்துக் கூர்மையாக ஒன்று செய்கிறது, அது மட்டும் விலக்கு. .22 ரிம்ஃபயருக்கு நடுவில் பிரைமரே கிடையாது என்பதால் இந்தக் கவலை இல்லை.

பிட்ஸ்பர்க் பாண்டி

இவ்வளவு எழுதியதற்கு நன்றி. ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கிருந்தவர் .30-30-ஐ 'பிரஷ் கன்' என்றார். கனத்த, மெதுவான தோட்டா என்பதால் புதர், சுள்ளி எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு மானிடம் போய்ச் சேருமாம். வேகமான சின்னத் தோட்டா விலகிப் போய்விடுமாம். உண்மையா?

வன்னியான்

இங்கேயும் கிழவன்மார் அப்படித்தான் சொல்வார்கள். எங்கட வேட்டைக் குழுவில் ஒருத்தர் .45-70 வைத்திருக்கிறார், அது மரத்தையே தறிக்கும் என்பார்.

ரிவெட்

பொய். சுள்ளியில் பட்டால் எல்லாத் தோட்டாவும் விலகும். கனத்தது கொஞ்சம் குறைவாக விலகலாம், அதை நம்பி ஓர் உயிரைச் சுடக் கூடாது. வயிற்றில் அடிபட்டு ஓடிய மானைத் தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள். லீவர் ரைஃபிள் புதர்க் காட்டுக்குத் தோதானது என்பது வேறு காரணத்தால்: குட்டை, தட்டை, பக்கவாட்டில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, ஒரு கையால் சமநிலையாகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், சட்டென்று தோளுக்கு வரும். தோட்டா மாயம் எதுவும் செய்வதில்லை. இடைவெளி கிடைக்கும் வரை காத்திருங்கள், கிடைக்கவில்லையா, அன்றைக்கு மான் இல்லை.

தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். .30-30-ல் 150 கிரெய்ன் தோட்டா வினாடிக்கு 2,390 அடியில் கிளம்பும். நூறு கஜத்துக்குச் சரி செய்து வைத்தால் இருநூறு கஜத்தில் சுமார் எட்டு இஞ்ச் கீழே விழும். திறந்த சைட்டில் நூறு, மிஞ்சிப் போனால் நூற்றைம்பது கஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாக் காட்டில் அதற்கு மேல் பார்க்கவும் முடியாது.

ஹில்கன்ட்ரி அக்கா

இதில் மட்டும் அண்ணா சொல்வதற்கு முழு வோட்டு.

சைட் பற்றி ஒன்று. பாண்டி, உங்கள் வயது தெரியாது. நாற்பது தாண்டியிருந்தால் கடையில் கூடவே வரும் அந்த 'வி' பள்ளம் போட்ட பின் சைட் மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடிக்காரரைத் திட்டாதீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துளை சைட் போட்டுக்கொள்ளுங்கள். துளையைப் பார்க்க வேண்டியதே இல்லை, அதன் வழியாக முன் சைட்டை மட்டும் பார்த்தால் கண் தானாக நடுவில் வைத்துக்கொள்ளும். எனக்கு அதற்குப் பிறகுதான் தாளில் ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. குறி திருத்தும்போது பின் சைட்டை, தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்துங்கள். முன் சைட்டுக்கு நேர் எதிர்.

சும்மா வந்தவன்

படித்துக்கொண்டே இருக்கிறேன். துப்பாக்கி பிடிக்கவில்லை என்றாலும் இழையை விட முடியவில்லை. ஒரு கேள்வி: சுடாமல், நிரப்பியபடி காட்டில் நடக்கும்போது அது தானாக வெடிக்காதா?

ரிவெட்

நல்ல கேள்வி, லீவரில் இதுதான் முக்கியமான இடம். பழைய வடிவங்களில் தனியாக சேஃப்டி பொத்தான் கிடையாது. குதிரைக்கு மூன்று நிலை: முழுக்கக் கீழே, பாதி, முழுக்கப் பின்னால். அறையில் தோட்டா இருக்கும்போது குதிரை முழுக்கக் கீழே இருந்தால், கீழே விழுந்து அதன் முதுகில் அடிபட்டால் வெடிக்கலாம். பாதி நிலையில் அது கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கும், விசையை இழுத்தாலும் வராது. நடக்கும்போது அந்தப் பாதி நிலைதான் சேஃப்டி.

ஆபத்து, அந்த நிலைக்குக் கொண்டுவரும் அந்தச் சில வினாடியில். சுட நினைத்தீர்கள், மான் போய்விட்டது, குதிரை பின்னால் இருக்கிறது. இப்போது கட்டைவிரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, மெதுவாக இறக்க வேண்டும். இறங்கத் தொடங்கியதுமே விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் பாதிக் கொக்கியில் தானாக விழும். டிசம்பர்க் குளிரில், கனத்த கையுறையோடு, விரல் மரத்துப்போய் இதைச் செய்யும்போது வழுக்கினால் தோட்டா போய்விடும். அதனால் முனை மண்ணைப் பார்க்க வேண்டும், கல்லை அல்ல. ஸ்கோப் போட்டால் குதிரை அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும், பக்கவாட்டில் நீட்டும் சிறு துண்டு ஒன்று விற்கிறார்கள், அதை மாட்டியே ஆக வேண்டும்.

எண்பதுகளிலிருந்து குறுக்கே தள்ளும் சேஃப்டி பொத்தான் வரத் தொடங்கியது. பழைய ஆட்கள் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், ஓட்டையை அடைத்துவிடும் உதிரிபாகம்கூட விற்கிறது. எனக்கு அந்தப் பொத்தான் அழகாக இல்லைதான், ஆனால் குதிரையை இறக்கும்போது அதைப் போட்டுக்கொண்டால் வழுக்கினாலும் வெடிக்காது. அழகு பார்க்கிறவர் சுவரில் மாட்டிக்கொள்ளட்டும். சில புதிய மாடல்களில் பாதி நிலையே கிடையாது. விசையை இழுத்தபடி இருந்தால் மட்டும் நடுவில் ஒரு பட்டை எழுந்து அடியைக் கடத்தும், மற்ற நேரம் குதிரை ஊசியைத் தொடாது. எந்த வகை என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பென்சில்வேனியாவில் வண்டியில் வைக்கும்போது அறையிலும் குழாயிலும் ஒரு தோட்டா இருக்கக் கூடாது, அது சட்டம். லீவர் ஆட்கள் மாட்டுவது குழாயில்தான்.

கோவை மணி

கௌபாய்கள் ஒரு கையால் சுழற்றிச் சுடுவார்களே, அது?

ஹில்கன்ட்ரி அக்கா

அது வெற்றுத் தோட்டா, பெரிய வளையம், சம்பளம் வாங்கும் நடிகர். நீங்கள் சுழற்றினால் முனை சுற்றியிருக்கிற எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வரும். ரேஞ்சிலிருந்து அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஆசை இருந்தால் கௌபாய் போட்டிகள் இருக்கின்றன. 1987-லிருந்து ஒரு சங்கமே நடத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடை போட வேண்டும், புனைபெயர் ஒன்று பதிவு செய்ய வேண்டும், ரைஃபிளில் கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும். இரும்புத் தகடுகளைப் பத்துப் பத்தாக அடிப்பார்கள், வேகமான ஆட்கள் பத்தையும் மூன்று நான்கு வினாடிக்குள் முடிப்பார்கள். நான் பார்வையாளராகப் போனேன். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் நீளப் பாவாடையோடு வந்து எல்லாரையும் ஓரங்கட்டிவிட்டுப் போனார்.

பிட்ஸ்பர்க் பாண்டி

முடிவெடுத்துவிட்டேன். .22 இப்போது. வேட்டை வகுப்பு முடித்து, அதில் கை படிந்த பிறகு பழைய .30-30 ஒன்று. அக்காவுக்கு வருத்தம் இருக்கலாம். மனைவியிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். குழாயில் ஒட்டிக்கொள்ளும் தோட்டா பற்றிய பகுதியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். இரும்புப் பெட்டி முதலில் வர வேண்டும், துப்பாக்கி அப்புறம் என்று நிபந்தனை. பெட்டிக்கு ஆர்டர் போட்டாயிற்று. அவரும் ஒரு நாள் ரேஞ்சுக்கு வருகிறாராம், சுட அல்ல, பார்க்க.

மான் கிடைத்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மாமியார் சைவம்.

வன்னியான்

பெட்டியைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கோ, இல்லாவிட்டால் கள்ளன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். மான் இறைச்சியில் கொழுப்பு இல்லை, ஆட்டிறைச்சி மாதிரி நேரம் வைத்தால் செருப்புத்தோல் ஆகிவிடும். மிளகும் சரக்குத்தூளும் தூக்கலாகப் போட்டுப் பிரட்டல்தான் சரி. உங்கள் பக்கம் மான்களுக்கு சிடபிள்யூடி என்ற நோய் இருக்கிறது, தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும் வரை குளிர்பெட்டியில் வைத்திருங்கோ. மாமியாருக்குத் தனிச் சட்டி.

ரிவெட்

.22 வந்ததும் மூன்று விஷயம், அப்புறம் நான் போகிறேன். அறை காலியாக இருக்கும்போது விசையை இழுத்து விளையாடாதீர்கள், ரிம்ஃபயரில் ஊசி நேராக அறையின் விளிம்பில் போய் அடித்துப் பள்ளம் போடும். பழகுவதற்குப் போலித் தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள். லீவரைக் கீழே முட்டும் வரை தள்ளி, மேலே முட்டும் வரை இழுங்கள். தடங்கலில் முக்கால்வாசி அரைகுறையாக ஓட்டுவதால் வருவது, புது ஆட்கள் துப்பாக்கி உடைந்துவிடும் என்று பயந்து மென்மையாகத் தடவுவார்கள். காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, .22 என்றாலும். சுட்டு முடித்து வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பையனைத் தூக்க வேண்டும், ஈயத் தூள் ஒட்டியிருக்கும்.

பிட்ஸ்பர்க் பாண்டி

மூன்று என்று சொல்லி நான்கு சொல்லிவிட்டீர்கள் அண்ணா. போலித் தோட்டா எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

ரிவெட்

.22-க்கு நல்ல போலித் தோட்டா கிடைப்பது கொஞ்சம் கஷ்டம். வன்பொருள் கடையில் சுவரில் திருகாணி மாட்டப் போடும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஆப்பு இருக்கும், 4-6-8 அளவு. அது .22 அறையில் சரியாக உட்காரும். ஒரு பாக்கெட் ரொம்ப நாள் வரும். விளிம்பில் அடிபட்ட இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.